மூன்றாம் வாசலுக்கு வந்த உயிர்

காத்திருப்பு அறையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது பேருக்கும் ஒரே முகம்.

அகன்ற நெற்றி, சற்றே சப்பை மூக்கு, ஆணா பெண்ணா என்று தீர்மானமாகச் சொல்ல முடியாத தாடை. வாசலைத் தாண்டும்போதே கூரையிலிருந்து இறங்கும் மெல்லிய ஒளித்திரை, வருகிறவர் யாராக இருந்தாலும் அவர்மேல் அந்த முகத்தைப் பூசிவிடும். குரலையும் அதற்கேற்ப மாற்றிவிடும். ஊரில் அதற்குப் பொதுமுகம் என்று பெயர். பாலியல் நோய்களுக்கான சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களின் மானத்தைக் காப்பாற்ற நகரசபை செய்த ஏற்பாடு அது. சென்ற மாதம் ஒரு கணவனும் மனைவியும் ஒரே பெஞ்சில் அருகருகே உட்கார்ந்து, ஊர் எப்படிக் கெட்டுப்போய்விட்டது என்று வெகுநேரம் பேசிவிட்டு, ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமலே வீடு திரும்பினார்கள். டாக்டர் செங்கமலத்துக்கு மட்டும் தெரியும். அவள் இருவருக்கும் ஒரே மருந்தைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஊரின் பெயர் நெய்தல். வியாழன் கோளைச் சுற்றிவரும் யூரோப்பா என்ற நிலவின் பனிக்கட்டிக்குள் குடைந்து கட்டிய ஊர். வெளியே போனால் வியாழனின் கதிர்வீச்சு ஆளைக் கொன்றுவிடும் என்பதால் தலைக்கு மேலே பனிப்பாறையே கூரை. காலுக்குக் கீழே, இன்னும் பல மைல் பனியைத் தாண்டி, பூமியின் கடல்களையெல்லாம் சேர்த்தாலும் ஈடாகாத ஒரு கருங்கடல். அந்தக் கடலில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் இந்த ஊரே உண்டானது. மூன்று தலைமுறையாக ஆழ்துளை போட்டுத் தண்ணீரை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எடுத்த தண்ணீரெல்லாம் காய்ச்சி வடிகட்டியது போலச் சுத்தமாக இருந்தது. ஒரு புழு இல்லை, ஒரு கிருமி இல்லை.

இப்போது பூமி பொறுமையிழந்துவிட்டது. அடுத்த கப்பலில் கபிலன் என்ற தூதர் வருகிறார் என்றும், ஊரை மூடிவிட்டு எல்லோரையும் திருப்பி அழைத்துக்கொள்ளும் ஆணை அவர் பையில் இருக்கிறது என்றும் பேச்சு. இங்கேயே பிறந்து, யூரோப்பாவின் குறைந்த ஈர்ப்பில் எலும்பு முற்றியவர்கள் பூமிக்குப் போனால் ஆறு மாதம் தாங்குவதே கஷ்டம். அதனால் நெய்தலில் யாருக்கும் தூக்கம் இல்லை.

தூக்கம் இல்லாத ஊரில் செங்கமலத்துக்கு வேலை அதிகம்.

அவளுடைய பிரிவுக்கு நிர்வாகம் வைத்த பெயர் நீளமானது. மருத்துவமனையின் பின்புறம் மூன்றாவது கதவு என்பதால் ஊரார் அதை மூன்றாம் வாசல் என்றார்கள். 'மூணாம் வாசலுக்குப் போனவன்' என்பது சண்டைகளில் கடைசியாக எடுக்கும் வசவு. பத்து ஆண்டுகளாக அந்த வாசலில் இருந்ததில் அவளுக்கு ஊரின் நாடி நன்றாகப் பிடிபட்டிருந்தது. கப்பல் வந்துபோன மறுமாதம் வெட்டைநோய் கூடும். ஆழ்துளை வேலை நின்று ஆட்கள் சும்மா இருக்கும் காலத்தில் கிரந்திப்புண் கூடும். குடும்பத்தைப் பூமியில் விட்டுவந்த ஒப்பந்தத் தொழிலாளர், கல்யாணமாகாத இளவட்டங்கள், பாசிச் சாராயம் குடிப்பவர்கள், உறை போட்டுக்கொள்ள மறப்பவர்கள், இவர்களுக்கே ஆபத்து அதிகம். ஆண்டுதோறும் சபையில் இதை அவள் எடுத்துச் சொல்வாள். முன்வரிசைப் பெரியவர்கள் பின்வரிசையைத் திரும்பிப் பார்ப்பார்கள். "அந்தப் பயல்களைக் கொஞ்சம் அடக்கி வைக்கணும், டாக்டர்" என்பார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அன்று ஆலோசனை அறைக்குள் வந்த ஆள்மேல் இருந்த பொதுமுகம் கதவு சாத்தியதும் கலைந்தது. உள்ளே அருளப்பன் இருந்தான். ஆழ்துளைத் தொழிலாளி, முப்பத்தைந்து வயதிருக்கும், முரட்டு உடம்பு. நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. சும்மா காட்டிட்டுப் போலாம்னுதான்."

"சும்மா யாரும் இங்க வர்றதில்ல, அருளப்பன். என்ன பண்ணுது?"

"வலி இல்ல. எரிச்சல் இல்ல. நீர்க்கடுப்பு கிடையாது." அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "முந்தாநாள் கீழ ஆழ்துளைப் போர்ல விளக்கு அவிஞ்சுபோச்சு. கும்மிருட்டு. அப்பப் பாத்தா, என் கை மின்னுது."

"கையா?"

"கை, கழுத்து, அப்புறம்..." நிறுத்திவிட்டான். "அதுக்காகத்தான் ஆஸ்பத்திரி முன்வாசலுக்குப் போகாம இங்க வந்தேன்."

நெய்தலில் இருட்டு என்பது யாரும் அறியாத பொருள். தூங்கும் நேரத்திலும் வீடுகளில் மஞ்சள் விளக்கொன்று மங்கலாக எரியும். பனிக்குள் புதைந்து வாழ்கிறவர்களுக்கு இருட்டென்றால் பயம். செங்கமலமும் விளக்கை முழுக்க அணைத்து எத்தனையோ வருடமாகிறது. சுவிட்சைத் தேடி அணைத்தாள்.

முதலில் எதுவும் தெரியவில்லை. கண் பழகியதும், அவன் இருந்த இடத்தில் நீலமாக ஏதோ கசிந்தது. மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடம், முழங்கை மடிப்பு, தொண்டைக்குழி. இரத்தம் தோலுக்கு அருகே வரும் இடங்களிலெல்லாம் மெல்லிய நீலம். அது நிலையாக எரியவில்லை. மெதுவாகப் பொங்கி, மெதுவாகத் தணிந்தது. அவனுடைய நாடித்துடிப்பைவிட எத்தனையோ மடங்கு நிதானமாக.

"சாவு வியாதியா டாக்டரம்மா?" இருட்டிலிருந்து அருளப்பன் கேட்டான்.

"தெரியல" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

தோலைச் சுரண்டி எடுத்ததை ஆய்வியிடம் கொடுத்தாள். கிருமிகளை ஆராய்ந்து பெயர் சொல்லும் இயந்திரம் அது. மனிதகுலம் இதுவரை கண்ட எல்லா நுண்ணுயிர்களும் அதற்குப் பாடம். பொதுவாக ஒரு நொடியில் சொல்லிவிடும். அன்று நெடுநேரம் பேசவில்லை.

"பெயர் கிடைக்கவில்லை" என்றது கடைசியில்.

"கிட்டத்தட்ட எதைப் போல இருக்கு? அதையாவது சொல்லு."

"கிட்டத்தட்ட எதைப் போலவும் இல்லை, டாக்டர். பூமியில் உள்ள உயிர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான மரபிழை இதில் இல்லை. வேறொரு பொருளில் வேறொரு முறையில் தன்னை எழுதி வைத்திருக்கிறது. ஆனால் உண்கிறது, வளர்கிறது, பிரிகிறது. இது பூமியில் தோன்றியதல்ல."

செங்கமலம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். கண்ணாடி மணிகளைக் கோத்தது போன்ற சுருள்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் நீலப் பொறி. ஆயிரக்கணக்கான சுருள்களும் ஒரே சமயத்தில் ஒளிர்ந்து ஒரே சமயத்தில் மங்கின. கோயில் திருவிழாவில் ஊரே ஒன்றாகக் கைகூப்புவது போலிருந்தது. மனிதன் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து மேலே பார்த்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, வெட்டைக்கும் கிரந்திக்கும் மருந்தெழுதுகிற இந்த மேசையின்மேல், சுரண்டி எடுத்த துளித் தோலில், பதில் வந்து கிடந்தது. அவள் அழுதாள். அழுகிறோம் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அருளப்பன் மிரண்டு போனான். "அவ்வளவு மோசமா டாக்டரம்மா?"

"இல்லப்பா. மோசமில்ல. நீ யார்கிட்ட இருந்து இதை வாங்கின? அதைச் சொல்லு."

"சத்தியமா, என் பொண்டாட்டியைத் தவிர..."

"உன் பொண்டாட்டி பூமியில இருக்காங்க. நாலு வருஷமா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். செங்கமலம் காத்திருந்தாள். இந்தக் காத்திருத்தல்தான் அவளுடைய தொழிலில் பாதி.

"ரோஸ்லின்" என்றான்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலி அவளுக்கு உயிர்ப்பிரச்சினை. அந்தச் சுருள்கள் உடம்பை விட்டு வெளியே எடுத்தால் சற்று நேரத்தில் செத்துக் கரைந்துவிட்டன. எந்தக் கண்ணாடித் தட்டிலும் வளரவில்லை. வெறும் படத்தைக் காட்டினால், ஏதோ ஆய்வகத்தில் யாரோ செய்து விட்ட வேலை என்று பூமி தள்ளிவிடும். இது இந்தக் கடலில் பிறந்ததுதான் என்று நிறுவ வேண்டுமானால், கடலை முதலில் தொட்ட ஆள் வேண்டும்.

ரோஸ்லின் பாசித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவள். கணவன் பனிச்சரிவில் இறந்துபோய் வருடங்களாகிறது. பாசி வளர தினமும் கொஞ்ச நேரம் இருட்டு வேண்டும் என்பதால், நெய்தலில் இருட்டோடு பழகிய ஒரே ஆள் அவள்தான். செங்கமலம் போனபோது தோட்டத்தில் விளக்கணைந்திருந்தது. பசுந்தொட்டிகளுக்கு நடுவே ஒரு நீலக் கழுத்தும் இரண்டு நீலக் கைகளும் நகர்ந்து வந்தன.

"அருளப்பன் சொல்லிட்டானா?" என்றாள் ரோஸ்லின். "சரி, உக்காருங்க."

"உங்களுக்கு இது எப்பலேருந்து தெரியும்?"

"ரொம்ப நாளா. முதல்ல பயந்தேன். அப்புறம் பழகிட்டுது. வேலை முடிஞ்சதும் கொஞ்ச நேரம் இங்கயே இருட்டுல உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன். மூச்சு விடுற மாதிரி இருக்கு, இல்ல? தனியா இருக்கிற மாதிரியே தெரியாது."

செங்கமலம் காதில் மாட்டியிருந்த கருவியில் ஆய்வியின் குரல் கேட்டது. மருத்துவமனையில் அருளப்பனின் உடம்பிலும் இங்கே ரோஸ்லின் உடம்பிலும் ஒளி ஒரே கணத்தில் பொங்கி ஒரே கணத்தில் தணிகிறது என்றது. இரண்டும் பனியின் நடுக்கத்தோடு ஒத்துப்போகின்றன. வியாழன் தன் பெரும் ஈர்ப்பால் இந்த நிலவைப் பிசைவதால் பாறையும் பனியும் இடைவிடாமல் மெல்ல அதிர்கின்றன. மனிதக் காலுக்கு எட்டாத அந்த அதிர்வை இவை உணர்ந்து, கடலடியில் எப்படி ஒளிர்ந்தனவோ அப்படியே இங்கும் ஒளிர்கின்றன.

கடலின் மூச்சு இந்தப் பெண்ணின் கழுத்தில் ஏறி இறங்குவதைச் செங்கமலம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். ரோஸ்லின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இவ்வளவு பெரிய விருந்தாளியா?"

"உங்களுக்கு யார் கொடுத்தாங்க, ரோஸ்லின்?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

"ஊரே மூடப்போறாங்க."

"தெரியும். அவர் யார்கிட்டயும் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டார். நான் சரின்னுட்டேன். சரின்னா சரிதான்."

பேர் தேவைப்படவில்லை. கடலின் அடிவரை இறங்கியவர்கள் மொத்தம் மூன்றே பேர். இருவர் இறந்துவிட்டார்கள். சென்ற ஆண்டு, ஒற்றை ஆள் மட்டும் அமரக்கூடிய மூழ்கூண்டில், தன் முதுமையையும் பொருட்படுத்தாமல் வெந்நீர் ஊற்றுவரை போய் வந்த மூன்றாமவர் பரஞ்சோதி. உயிர்த்தேடல் ஆணையத்தின் தலைவர். நாற்பது ஆண்டுகளை அந்தக் கடலுக்குக் கொடுத்தவர். அவர் தெருவில் நடந்தால் பெண்கள் வாசலில் எழுந்து நிற்பார்கள். செங்கமலம் பள்ளியில் படிக்கும்போது அவர் வந்து பேசியதைக் கேட்டுத்தான் உயிரியல் எடுத்தாள்.

மறுநாள் அவர் வீட்டு அறையில், ஒன்றும் சொல்லாமல் படத்தை ஓடவிட்டாள். சுவர் முழுக்க நீலச் சுருள்கள் எழுந்து அடங்கின. பரஞ்சோதி நாற்காலியிலிருந்து எழுந்து சுவரருகே போனார். ஓர் ஒளிச்சுருளின் மேல் விரலை வைத்தார்.

"ஆய்வி என்ன சொல்லுது?"

"பூமியில பிறந்ததில்லைன்னு சொல்லுது, ஐயா."

"இதுக்குத்தாம்மா நான் பொறந்தேன்." கண்ணீர் தாடியில் இறங்கியது. "இனி செத்தாலும் பரவாயில்ல. எந்தத் தண்ணியில கிடைச்சுது? எந்தப் போர்ல?"

"தண்ணியில இல்ல ஐயா. மூணாம் வாசல்ல. நோயாளிங்க உடம்புல. உறவு மூலமாத்தான் பரவுது. மணிக்கட்டுலயும் கழுத்துலயும் இருட்டுல தெரியும்."

அவர் விரலைச் சுவரிலிருந்து எடுத்தார். மெதுவாக முழுக்கைச் சட்டையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யார் நோயாளிங்க?"

"அதை நான் சொல்லக்கூடாது. ஆனா முதல் ஆள் கடலுக்குப் போனவரா இருக்கணும். அவர் முன்வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும், ஐயா. ஊர் பொழைச்சிடும்."

சுவரில் மட்டும் அசைவு.

"என் கூண்டுல ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல. அப்பவே எழுதிக் கொடுத்திருக்கேன்" என்றார் பரஞ்சோதி. பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "இது மருந்துக்குக் கேக்குமா?" என்றார்.

அவள் மருத்துவர். கேட்டால் சொல்லியாக வேண்டும். "கேக்கும், ஐயா, ஆய்வி சோதிச்சுப் பாத்துடுச்சு. சாதாரண தாமிரக் களிம்பு. ஒரு தடவை நல்லாப் பூசினாலே போதும்."

"மூலம் தெரியாத எதையும் என்னால சபையில வைக்க முடியாது, டாக்டர். நீங்க போகலாம்."

வெளியே வரும்போது கூடத்தில் அவர் மனைவி மீனலோசனி, பள்ளித் தலைமையாசிரியை, பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். "என்ன டாக்டர், மூணாம் வாசல் எங்க வீட்டுக்கே வந்துடுச்சு?" என்று சிரித்தாள். செங்கமலமும் சிரித்து வைத்தாள்.

கப்பல் வந்தது. நெய்தலின் பெரிய மண்டபத்தில் ஊரே கூடியது. பதவியிலுள்ளவர்களும் அவர்கள் மனைவிமாரும் முன்வரிசைகளில். தொழிலாளர்கள் பின்னால். மேடையில் தூதர் கபிலனும், பக்கத்தில் கழுத்துவரை பொத்தானிட்ட சட்டையோடு பரஞ்சோதியும், மீனலோசனியும் இருந்தார்கள். கபிலன் நல்ல மனிதர்தான். பூமியின் முடிவை வாசிக்கும்முன், கடைசியாக யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

பின்வரிசையிலிருந்து ரோஸ்லின் எழுந்து நடந்து வந்தாள். செங்கமலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தின நாள் அவள், "பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்தேன். என் கையைக் காட்ட மாட்டேன்னு யாருக்கும் வாக்குக் கொடுக்கலையே" என்று சொல்லியிருந்தாள். அதை ஏதோ ஆற்றாமைப் பேச்சென்று செங்கமலம் நினைத்துவிட்டாள்.

"நீங்க தேடுறது என்கிட்ட இருக்குதுங்க" என்றாள் ரோஸ்லின், மேடையைப் பார்த்து. "மூணாம் வாசல் வியாதின்னுதான் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். கொஞ்சம் விளக்கை எல்லாம் அணைக்கச் சொல்லுங்க."

சலசலப்பு. கபிலன் செங்கமலத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். மண்டபத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பலர் வாழ்நாளில் முதல்முறையாக முழு இருட்டைப் பார்த்தார்கள். எங்கோ ஒரு குழந்தை அழுதது.

பிறகு அந்த நீலம் எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத பெண்ணொருத்தியின் கழுத்தும் கைகளும் மட்டும் இருட்டில் மிதந்தன. ஒளி பொங்கியது, தணிந்தது.

"அதோ, அங்கயும்!" என்றது ஒரு குரல்.

பின்வரிசையில் அருளப்பன். அவனுக்கு அப்பால் இன்னொருவர். சுவரோரம் இரண்டு பேர். இவ்வளவுதான் என்று செங்கமலம் நினைத்த நேரத்தில் முன்வரிசைகள் விழித்துக்கொண்டன. கண் பழகப் பழக, பட்டுச் சரிகைக்கு மேலே, உயர்த்திய சட்டைக் கழுத்துக்கு அடியில், மடியில் கோத்த விரல்களுக்கருகே, ஒன்று, மூன்று, பத்து, எண்ணவே முடியாமல் நீலப் புள்ளிகள். பின்வரிசையைவிட முன்வரிசையில்தான் அடர்த்தி.

பத்து ஆண்டுகளாக அவள் மூன்றாம் வாசலுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணி ஊரை அளந்திருந்தாள். வந்தவர்களுக்கு நோய் இருந்தது. வராதவர்களுக்கு இல்லை என்று யார் சொன்னது? வெட்கப்படக்கூட வசதியில்லாதவர்கள் வந்தார்கள், குணமானார்கள். மற்றவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் அந்த எண்ணம் ஒரு கணம்தான் நின்றது. ஏனென்றால் எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகப் பொங்கின, ஒன்றாகத் தணிந்தன. பனிக்கூரைக்குக் கீழே பிறந்து, நட்சத்திரங்களை ஒருநாளும் நேரில் காணாத அந்த மக்களுக்கு நடுவே ஒரு வானம் இறங்கி உட்கார்ந்திருந்தது. அது மூச்சு விட்டது. அவர்களுக்குக் கீழே கருங்கடல் அதே மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. பூமியிலிருந்து வந்த தூதர் மேடையில் தம்மையறியாமல் மண்டியிட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தார்கள்.

"என்னங்க" என்றது மேடையில் ஒரு மெல்லிய குரல். மீனலோசனி. "என் கையிலயும் இருக்கே. எனக்கு எப்படிங்க?"

ஆசிரியையின் குரல். மண்டபத்தின் கடைசிவரை கேட்டது. அவள் தொண்டைக்குழியில் நீலம் ஏறி இறங்கியது. அவள் பக்கத்தில், பரஞ்சோதி இருந்த இடத்தில், ஒரே இருட்டு.

"டீச்சரம்மாவுமா?" என்றது ஒரு பெண்குரல். "அவர்கிட்ட இல்லையே. அப்போ..." கிசுகிசு வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது.

பரஞ்சோதி அந்த ஒளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் இரும்புக் குழாய்களை இறக்கி, வெறுந்தண்ணீரை அள்ளி, ஒவ்வொரு நாளும் ஏமாந்தது இதற்காகத்தான். அது அவருடைய வீட்டில், அவருடைய படுக்கையில், ஒரு கை தூரத்தில் ஒளிர்ந்திருக்கிறது. மஞ்சள் விளக்கில் தெரியவில்லை. இப்போது அவளைச் சுற்றிக் கிசுகிசு நெருங்கிக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் அவர் மானம் தப்பிவிடும்.

"என்கிட்டேருந்துதான்" என்றார்.

கிசுகிசு நின்றது.

"ஊற்றுக்கிட்ட சோதனைக்குத் தண்ணி எடுக்கிற குழாய் மூட்டு கசிஞ்சுது. வெதுவெதுன்னு தண்ணி கையில வழிஞ்சுது. சொன்னா ஒரு வருஷம் தனியறையில போட்டுடுவாங்க, அப்புறம் கடலுக்கு விடமாட்டாங்கன்னு மறைச்சேன். செத்த தண்ணிதானே, என்ன ஆயிடப்போகுதுன்னு துடைச்சுக்கிட்டேன். அப்புறம் ரோஸ்லின்கிட்ட போனேன். அதையும் மறைச்சேன். மீனா, உனக்கு வந்தது என்னாலதான். உன் மேல ஒரு குத்தமும் இல்ல. நேத்து களிம்பு வாங்கிப் பூசி என் உடம்புல இருந்ததைக் கொன்னுட்டேன். எதைத் தேடி வந்தேனோ அதையே."

ஒளி ஒருமுறை எழுந்து அடங்கியது. அந்த ஒரு மூச்சுநேரம் முழுக்க ஊர் ஒன்றாக இருந்தது. இனி வாழ்நாள் முழுவதும் வேறெதுவும் பார்க்க வேண்டாம் என்று செங்கமலத்துக்குத் தோன்றியது.

"விளக்கைப் போடுங்கய்யா!" என்று முன்வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல் அலறியது.

விளக்கு வந்தது. மனிதகுலம் தன் முதல் அந்நிய உயிரைச் சந்தித்து முடித்திருந்தது. அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் எழுந்த கேள்விகளைத் தூதரின் கருவி முழுமையாகப் பதிவு செய்திருக்கிறது. அது என்ன உண்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை கோடி ஆண்டுகளாக அந்தக் கடலில் இருக்கிறது என்றும் கேட்கவில்லை. "உனக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்று மனைவிகள் கணவர்களைக் கேட்டார்கள். "முதல்ல உனக்கு வந்ததைச் சொல்லு" என்று கணவர்கள் கேட்டார்கள். "மூணாவது வரிசையில நாலாவதா மின்னினது யாரு?" என்று மீதிப்பேர் கேட்டார்கள். மாலைக்குள் நெய்தலில் தாமிரக் களிம்பு தீர்ந்துபோயிற்று. மருந்துக் கிடங்கின் முன்னால் நின்ற வரிசை தெருமுனை திரும்பியும் போனது. பொதுமுகம் இல்லாமலே எல்லோருக்கும் ஒரே முகம்.

மறுநாள் காலை மூன்றாம் வாசலில் ஒளித்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, சொந்த முகத்தோடு மீனலோசனி உள்ளே வந்தாள். செங்கமலம் தயங்கியபடி, களிம்பு கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள்.

"எனக்கு வேண்டாம், டாக்டர். நாப்பது வருஷத்துல அவர் எனக்குன்னு கொண்டுவந்து கொடுத்ததுல உருப்படியானது இது ஒண்ணுதான்." அவள் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "உங்களுக்கு ஆராய்ச்சிக்கு வேணுமே, எடுத்துக்குங்க. அந்த ரோஸ்லின் வந்தாளா? அவளும் கொடுப்பா. கேட்டுப் பாத்தேன்."

ஊர் தப்பியது. வெந்நீர் ஊற்றுக்கு மூன்று மூழ்கூண்டுகள் இறங்கின. கபிலனின் செய்தி பூமிக்குப் போய்ச் சேர்ந்ததும், வந்த பதிலை மண்டபத்தில் உரக்க வாசித்தார்கள். வாழ்த்து ஒரே வரியில் முடிந்துவிட்டது. மீதிப் பக்கங்கள் முழுக்க, யாருக்கு யாரால் வந்தது, அன்று மண்டபத்தில் ஒளிர்ந்தவர்கள் பெயர் என்ன, அவர்களில் பதவியில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள்.

செங்கமலம் வேலை முடிந்து வீடு திரும்பும்போது தெருவில் நின்று பார்ப்பது உண்டு. இருட்டில் ஒரு பொறி தென்படாதா என்று மூன்று தலைமுறை கண்விழித்த ஊர் அது. இப்போது எந்த வீட்டிலும் மஞ்சள் விளக்கு இல்லை. நடுப்பகல் போன்ற வெள்ளை வெளிச்சத்தை எல்லா அறைகளிலும் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நெய்தல் தூங்குகிறது.